நடிப்பா? நரம்பைக் கேளுங்கள்!

உழைக்கிறவனுக்குக் கைதான் முதல். மரம் வெட்டும் கை மரத்துப் போனால் அவன் யாரிடம் போய் முறையிடுவது? கண்ணுக்குத் தெரியும் காயமென்றால் கட்டுப் போட்டுக் காட்டலாம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் பிடித்து மேசைமேல் வைக்கலாம். மரமரப்பை எப்படிக் காட்டுவது? பலக்குறைவை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? காட்ட முடியாத நோய்க்கு நம்மவரிடையே காலங்காலமாக ஒரே பெயர்தான் உண்டு: "நடிப்பு."

இந்தச் சொல்லைச் சென்ற மாதம் மறுபடியும் கேட்க நேர்ந்தது. கேட்ட இடம் தோட்டமல்ல, சிங்கப்பூர், கேலாங்.

கேலாங் சாலையை அறியாத ஜொகூர்த் தோழர்கள் குறைவு. சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை லோரோங்குகள். கீழே கோப்பிக்கடையும் டுரியான் கடையும். மாடியிலே கட்டில்மேல் கட்டில் அடுக்கிய அறைகளில் ஊர்விட்டு ஊர் வந்த உழைப்பாளிகள். அப்படி ஓர் அறையில் இருப்பவர் அந்தத் தம்பி. ஊர் சிவகங்கைப் பக்கம். ஒன்பது வருடமாகக் கட்டிட வேலையில் சிமெண்டை உடைக்கும் அதிர்வு யந்திரம் பிடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை என்னெதிரே உட்கார்ந்து கோப்பியை எடுத்தவர், இடது கைக்கு மாற்றினார். ஏனென்று கேட்டேன்.

"வலது கையில கோப்பை இருக்கா இல்லையான்னே தெரியலண்ணே. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூணும் பஞ்சு மாதிரி இருக்கு. சுண்டுவிரல் மட்டும் நல்லா இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எரிச்சல்ல முழிச்சிக்கிட்டு கைய உதறுறேன்."

வைத்தியரிடம் போனாராம். இரண்டு நாள் எம்.சி., ஒரு குப்பித் தைலம். மூன்றாம் நாள் வேலையிடத்தில் மேற்பார்வையாளர் சொன்னது: "சுண்டுவிரல் நல்லா இருக்குதாம், மத்த மூணு விரலுக்கு மட்டும் நோயாம். நல்லா நடிக்கிறான்."

தோழர்களே! படிப்பறிந்தவர் என்று சொல்லிக்கொண்ட அந்த மேற்பார்வையாளர் எதை நடிப்புக்குச் சான்றாகக் காட்டினாரோ, அதுதான் நோய்க்குச் சான்று. பெருவிரல் தொடங்கி மோதிரவிரலின் பாதி வரைக்கும் உணர்ச்சி தருவது ஒரு நரம்பு. மோதிரவிரலின் மறுபாதிக்கும் சுண்டுவிரலுக்கும் வேறொரு நரம்பு. முதல் நரம்பு மணிக்கட்டிலே எலும்புக்கும் கெட்டியான ஒரு நாருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்து வழியாகப் போகிறது. அந்தச் சந்தில் நெருக்கம் ஏற்பட்டால் மூன்று விரலும் மரக்கும், சுண்டுவிரல் தப்பும். கார்ப்பல் டன்னல் நோய் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். பலங்கொண்டு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைக்கும், அதிரும் யந்திரம் பிடிக்கும் கைக்கும் இது அதிகமாக வருகிறது. உடற்கூறு படிக்காத ஒருவர் இவ்வளவு சரியாக நடிக்க முடியுமா?

ஆனால் வாயால் வாதாடி வெல்ல முடியாது. சான்று வேண்டும். அந்தச் சான்று தரும் சோதனை ஒன்று இருக்கிறது. நரம்பு மின் சோதனை என்பது அதன் பெயர். இதைப்பற்றி நம்மவர் அறிந்தது கொஞ்சம், பயப்படுவது அதிகம்.

கரண்ட் வைப்பது எதற்கு?

"கரண்ட் வச்சுப் பாப்பாங்களாமே அண்ணே, உசிருக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றுதான் அந்தத் தம்பியும் கேட்டார்.

நரம்பு என்பது செய்தி போகும் கம்பி. அதிலே ஓடுவது ஒருவகை மின்துடிப்பு. அதற்கும் ஒரு வேகம் உண்டென்று 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி தவளையின் நரம்பில் அளந்து காட்டினார். வினாடிக்குச் சுமார் 25 முதல் 30 மீட்டர்தான் இருந்தது. மனிதன் கையிலே இது இன்னும் விரைவு. நல்ல நிலையில் வினாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டரும் அதற்கு மேலும்.

சோதனையின் முறை எளிது. மணிக்கட்டில் நரம்பின்மேல் ஒரு சிறு மின்தட்டல். பெருவிரல் அடிச்சதையில் ஒட்டிய பொட்டுப் போன்ற தகடு, தசை எப்போது துடித்தது என்று பதிகிறது. பிறகு முழங்கை மடிப்பில் ஒரு தட்டல். இரண்டு இடத்துக்கும் நடுவே 22 சென்டிமீட்டர், நேர வித்தியாசம் 4 மில்லி வினாடி என்றால், வேகம் வினாடிக்கு 55 மீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்கு! மணிக்கட்டிலே மட்டும் தாமதம் கண்டால், நெருக்கம் அங்கேதான். எடின்பரோ நகரத்து வைத்தியர் சிம்சன் 1956இல் இந்தத் தாமதத்தை அளந்து எழுதினார்.

இதிலே சிங்கப்பூருக்கும் ஒரு பங்குண்டு. 1971இல் லூங், சியா என்ற இரண்டு சிங்கப்பூர் வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே கையிலுள்ள இரண்டு நரம்புகளின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி அது. ஒரு கையில் ஒரு நரம்பு குற்றம் சாட்ட, மறு நரம்பு சாட்சி சொல்கிறது. "உனக்குச் சர்க்கரை வியாதி, அதனால்தான் மரக்கிறது" என்று தட்டிக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சர்க்கரை வியாதி பொதுவாக முதலில் காலிலுள்ள நீளமான நரம்புகளைப் பிடிக்கிறது; கையில் வந்தாலும் ஒரு நரம்போடு நிற்பதில்லை. சர்க்கரை உள்ளவருக்கு மணிக்கட்டு நெருக்கமும் சேர்ந்து வரக்கூடும் என்பது உண்மையே. ஆகவேதான் இரண்டு நரம்பையும் அளந்து பார் என்கிறோம்.

சோதனையில் இரண்டாம் பகுதி ஒன்று தேவைப்படலாம். மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தி அதன் மின்னொலியைக் கேட்பது. ஊசி வழியாக மின்சாரம் பாய்ச்சுவதில்லை, மருந்து ஏற்றுவதுமில்லை. கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். போகிற அன்று கையில் தைலமும் எண்ணெயும் தடவக் கூடாது, தகடு ஒட்டாது. இன்னொன்று முக்கியம்: கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைந்து காட்டும். குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரம் காத்திருந்தவர், கையைச் சூடேற்றிவிட்டுச் சோதிக்கும்படி தாராளமாகக் கேட்கலாம்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள்

"இதெல்லாம் பட்டணத்து நோய்; தோட்டத்துக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்கும் தோழருக்கு இலங்கையில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

1977, 78ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் தமிழ்ப் பெண்களுக்குத் திடீரென்று கை கால்கள் விழுந்தன. காரணம் தேடிப் போனபோது அகப்பட்டது நல்லெண்ணெய். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கமல்லவா? உடம்புக்குப் பலமென்று தாய்மார் அன்போடு கொடுத்த அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. யந்திர எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுபோனதால் இது நேர்ந்திருக்கக்கூடும் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். அதனால்தான் வீட்டிலே ஆண்கள் தப்பினார்கள். அந்த எண்ணெய் பெண்களுக்கென்றே ஒதுக்கியது.

இதைக் கண்டெழுதியவர்கள் வைத்தியர் சேனநாயக்காவும் வைத்தியர் ஜெயரத்தினமும். 1981இல் உலகப் புகழ்பெற்ற லான்செட் பத்திரிகையில் இது வெளிவந்தது. அதே ஆண்டில் சேனநாயக்கா, நரம்பு மின் சோதனையும் செய்து மூன்றாண்டு காலம் அந்தப் பெண்களைத் தொடர்ந்து பார்த்ததைத் தனியே எழுதினார். ஜெயரத்தினம் பிற்காலத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்சார் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். அரசியல்வாதி ஜெயரத்தினம் வேறு, இவர் வேறு.

கவனியுங்கள். பார்வதி வந்தாள், மாரியம்மன் வந்தாள், செய்வினை என்று சொல்லி விட்டிருந்தால் அந்த எண்ணெய் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்? நோயாளியின் நரம்பையும் பார்த்து, அவள் வீட்டு அடுப்படியையும் பார்த்தார்கள்; விஷம் அகப்பட்டது.

இன்னோர் உதாரணம். சீனாவின் சூசோ நகரத்துத் தொழிற்சாலையில் கைப்பேசிக் கண்ணாடி துடைத்த தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்தது. துடைக்கக் கொடுத்த ஹெக்சேன் என்ற திரவத்தின் ஆவி நரம்பை அரித்திருந்தது. பாதிக்கப்பட்டவர் 137 பேர் என்று ஆப்பிள் நிறுவனமே 2011இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அதே ஹெக்சேன்தான் செருப்பு ஒட்டும் ரப்பர்ப் பசையிலும் கலக்கப்பட்டு வந்திருக்கிறது. நாம் வெட்டிய பால், எங்கோ ஒரு பட்டறையில் பசையாகி, இன்னொரு தொழிலாளியின் கையை மரக்கச் செய்யக்கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

காலையில் பலம், மத்தியானத்தில் பலவீனம்

இப்போது என் சிறுவயதில் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் ஓர் அக்காள் இருந்தார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு முதல் ஆளாய் நிற்பார்கள். உளி பிடித்தால் கை ஓயாது. ஆனால் பால் எடுக்கும் நேரத்துக்குள் வாளியைத் தூக்கத் தோள் வராது. மத்தியானச் சோற்றை மெல்ல மெல்லத் தாடை அசந்துவிடும். சாயங்காலம் பேசினால் குரல் மூக்கால் வரும். கண்ணிமை தானாய்ச் சரியும். ஒரு நாள் படுத்தெழுந்தால் மறுபடி சரியாகிவிடும்.

"காலையிலே இருந்த பலம் மத்தியானம் எங்கே போச்சு?" என்று கங்காணி கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். லயத்திலோ, பேய் பிடித்திருக்கிறதென்று வேப்பிலை அடித்தார்கள். அக்காளின் பெயரே "தூங்குமூஞ்சி" என்றாயிற்று. சில வருடத்தில் மூச்சு முட்டி இறந்துபோனார்கள். அது இன்ன நோய்தான் என்று சாதிக்க நான் வைத்தியன் அல்லன். ஆனால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயைப்பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது, வரிக்கு வரி அக்காளின் முகம் தெரிந்தது.

நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் வாசல் ஒன்றுண்டு. இந்த நோயில் உடம்பின் சொந்தக் காவற்படையே அந்த வாசலைத் தாக்குகிறது. நரம்பு நன்றாயிருக்கும், தசையும் நன்றாயிருக்கும், வாசல்தான் அடைபடும். உழைக்க உழைக்கச் செய்தி போய்ச் சேராது. ஓய்வெடுத்தால் மீளும். இப்படி உடம்பே உடம்பைத் தாக்குகிறது என்று 1960இல் முன்மொழிந்தவரும் மேலே சொன்ன அதே சிம்சன்தான்.

இதையும் மின்சாரம் காட்டிக்கொடுக்கும். 1895இல் ஜெர்மனியில் யோலி என்பவர் இத்தகைய நோயாளிகளின் நரம்பை அடுத்தடுத்துத் தட்டி, தசையின் பதில் தளர்ந்துகொண்டே போவதைக் கண்டார். 1941இல் அமெரிக்காவில் ஹார்வி, மாஸ்லண்ட் இருவரும் அதை அளவுள்ள சோதனையாக்கினார்கள். வினாடிக்கு மூன்று முறை வீதம் தட்டுகிறார்கள். நல்ல தசையில் எல்லாத் துடிப்பும் ஒரே உயரம். இந்த நோயில் நாலாவது, ஐந்தாவது துடிப்புக்குள் உயரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கங்காணி கேட்ட கேள்விக்கு, "பலம் எங்கே போச்சு" என்பதற்கு, காகிதத்தில் எழுதிய பதில் அது!

மருந்தும் உண்டு. 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் வைத்தியர் ஓர் ஊசியால் சரிந்த இமையைச் சிறிது நேரத்துக்கு நிமிர்த்திக் காட்டினார். அந்த வழியில் வந்த மாத்திரைகளும், காவற்படையை அடக்கும் மருந்துகளும் இன்று பலரை வேலைக்குத் திருப்பி அனுப்புகின்றன. அக்காளுக்குக் கிடைக்காமல் போனது மருந்து மட்டுமல்ல. தான் சோம்பேறியல்லள் என்ற ஒரு வரிச் சீட்டு.

யந்திரமும் நீதிபதியல்ல

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாளராக மாட்டோம். இந்தச் சோதனை சாட்சிதான், நீதிபதியல்ல.

நேற்று அடிபட்டவரை இன்று சோதித்தால் ஒன்றும் காட்டாமல் போகலாம். நரம்பறுந்த தசையின் மாறுதல் ஊசியில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மெல்லிய நரம்பிழைகளில் வரும் எரிச்சல் இந்தச் சோதனையில் தெரியாது. கண்ணை மட்டும் பிடித்த மயஸ்தீனியாவில் அடுத்தடுத்துத் தட்டும் சோதனை பலரைத் தவறவிடும். அதற்கு இரத்தப் பரிசோதனையும், தனித்தனித் தசையிழையைக் கேட்கும் நுட்பமான ஊசிச் சோதனையும் தேவைப்படும். ஆகவே "சோதனையில் ஒன்றுமில்லை" என்பது "நோய் இல்லை" என்று பொருளல்ல. "நடிப்பு" என்றும் பொருளல்ல.

நரம்பு கெட்டிருக்கிறது என்று யந்திரம் சொல்லும். எந்த வேலை கெடுத்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் தொழிலாளி. எத்தனை வருடம், எந்த யந்திரம், எந்த மருந்து தெளித்தது, எந்தப் பசை, எப்போது முதலில் மரத்தது, இவற்றைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள்.

செலவு யாருடையது?

சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் உள்ளவரின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு, இது சட்டம். 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்தக் காப்புறுதி ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும், அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. நரம்பு மின் சோதனையோ பெரும்பாலும் வந்து போகும் நோயாளிக்குச் செய்வது. காப்புறுதிக்காரர் "எனக்கில்லை" என்பார். முதலாளி "பார்ப்போம்" என்பார். தொழிலாளி தைலம் வாங்குவார். இந்த இடுக்கில்தான் நரம்பு சாகிறது. நெருக்கத்தை முன்னமே நீக்கினால் நரம்பு பிழைக்கும். பெருவிரல் அடிச்சதை வற்றியபின் நீக்கினால் முழுவதும் திரும்பாது. தாமதத்துக்கு விலை கை.

ஏழை உழைப்பாளிக்குக் கதவு திறக்கிற நல்ல உள்ளங்களும் இல்லாமலில்லை. கேலாங்கிலேயே 2006ஆம் ஆண்டு ஒரு சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய ஹெல்த்சர்வ் தொண்டு நிறுவனம் எத்தனையோ வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நாடி பிடித்திருக்கிறது. ஆனால் உரிமையாய் வரவேண்டியதைத் தருமமாய் வாங்கிக்கொண்டிருப்பது எத்தனை காலத்துக்கு?

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று: கை கால் மரத்தலோ, நாள் ஏற ஏறப் பலக்குறைவோ சில வாரம் நீடித்தால், சோதனைக்கு அனுப்பும் சீட்டு உடனே தரப்படவேண்டும். தோட்டத்து மருத்துவ நிலையமானாலும், பட்டணத்து வைத்தியசாலையானாலும் இதுவே விதியாக வேண்டும்.

இரண்டு: சோதனைச் செலவை முதலாளி ஏற்கவேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

மூன்று: சோதனை அறையில் தமிழ் பேசும் ஒருவர் இருக்கவேண்டும். அவர் அந்தத் தொழிலாளியின் மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது.

நான்கு: முடிவின் பிரதி தொழிலாளியின் கையில் கொடுக்கப்படவேண்டும்.

ஐந்து: சோதனைக்கும் முடிவுக்கும் இடையே யாரையும் வேலையிலிருந்து நீக்கவோ ஊருக்கு அனுப்பவோ கூடாது.

"இப்படிச் சலுகை கொடுத்தால் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு வருவார்களே" என்பார் முதலாளி. ஐயா, வந்தால்தான் என்ன? மணிக்கட்டிலே மின்துடிப்பு தாமதிக்கும்படி எந்த நடிகனாலும் நடிக்க முடியாது. பொய்யன் வருவான் என்று பயப்படுகிறவருக்கும் இந்தச் சோதனைதான் துணை.

அந்தத் தம்பி போவதற்குத் தயங்கியது கரண்டுக்காக மட்டுமல்ல. "வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டா ஊருக்கு அனுப்பிருவாங்களேண்ணே. வீட்டுக் கடன் பாதிதான் அடைஞ்சிருக்கு" என்றார். அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. கூடப் போக மட்டும் முடிந்தது. போனோம். வலது மணிக்கட்டில் நடு நரம்பு தாமதம். சுண்டுவிரல் நரம்பு சரி. அவர் சொன்னது அத்தனையும் அப்படியே காகிதத்தில் இருந்தது. நஷ்டஈட்டு மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. கை இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் காகிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இனிமே என்னை யாரும் நடிக்கிறேன்னு சொல்ல முடியாதுல்லண்ணே?"

முடியாது, தம்பி. ஆனால் அந்த ஒரு காகிதத்துக்காக ஒரு மனிதன் ஒன்பது மாதம் பொய்யனாய் வாழவேண்டியிருந்ததே, அதற்கு யார் பதில் சொல்வது?